த்ராம்ப்ளே என்றொரு பெயர்: பெர்ஷிலிருந்து சாக்னே வரை

செப்டம்பர் 21, பாரிஸ்

நாளைக் காலை மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் ரயில். பெரிய பெட்டியை அக்கா வீட்டில் போட்டுவிட்டு ஒரு தோள்பையோடு கிளம்புகிறேன். பாரிசுக்கு வந்தவள் கடைகண்ணிக்குப் போகாமல் பேர் தெரியாத கிராமத்துக்கு ஏன் போகிறாய் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

கனடாவில், மொன்றியலில் எங்கள் எதிர்வீட்டு மதாமுக்கு எண்பத்திரண்டு வயது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரிக் குளிரில் நாங்கள் வந்து இறங்கியபோது, கதவைத் தட்டி ஒரு சட்டி சூப்பை நீட்டிய மனுஷி அவர். பிறந்த வீட்டுப் பெயர் த்ராம்ப்ளே. எங்கள் கியூபெக் மாநிலத்தில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அதுதான். நூறு பேரைக் கூட்டினால் ஒருவராவது த்ராம்ப்ளேயாக இருப்பார். இத்தனை பேரும் ஒரே ஒரு மனிதரின் வழிவந்தவர்கள். 1647-இல் பிரான்ஸிலிருந்து கப்பலேறிய பியேர் த்ராம்ப்ளேதான் வட அமெரிக்க த்ராம்ப்ளேக்கள் அத்தனை பேருக்கும் மூதாதை. நான் பிரான்ஸ் போகிறேன் என்றதும் மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பியேரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவர் மனைவி ஓசானின் பெயர் எங்கேயாவது எழுதியிருந்தால் எனக்காக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வா."

அவர் கேட்காவிட்டாலும் நான் போயிருப்பேன். நான் பாண்டிச்சேரிக்காரி. எங்கள் தெருவில் பாதி வீடு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடு. அந்த வீடுகளில் தமிழ் பேசுவார்கள், மீன் குழம்பு வைப்பார்கள், தபால்காரர் கொண்டுவரும் கடிதத்தில் மட்டும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருக்கும். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பும் இந்தியர்கள், பதிவேட்டில் கையெழுத்திட்டு ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. அதுவரை அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அன்று முதல் ஒரு வம்சப் பெயர். அந்த ஆணைக்கு இன்றைய தேதிதான். ஒரு பெயர் எந்த நாளில் பிறந்தது என்று சொல்ல முடிகிற ஊரிலிருந்து வந்தவள் நான். எப்போது பிறந்தது என்றே தெரியாத பழைய பெயர் ஒன்று எப்படி நடந்து போனது என்று பார்க்க ஆசை.

செப்டம்பர் 22, தூரூவ்ர்

கிரான்வீல் போகும் ரயிலில் ஏறி லேக்ல் ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கிருந்து தெற்கே காட்டு வழியில் கார். தங்கும் வீட்டுக்கார அம்மாவே வந்து கூட்டிப் போனார். பெர்ஷ் என்பது மாவட்டமும் அல்ல, மாநிலமும் அல்ல. நார்மண்டியின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு பழைய நாடு. நம்மூரில் தொண்டை மண்டலம், நடுநாடு என்று சொல்வது போல. மேடும் பள்ளமும், வேலி வேலியாக ஆப்பிள் மரங்கள், பெர்ஷ்ரோன் என்ற தடித்த கால் குதிரைகள். இந்த மண்ணின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவை அந்தக் குதிரைகள்தான்.

சின்ன ஊர். ஆனாலும் பிரான்ஸிலிருந்து கனடா போனவர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. காலையெல்லாம் அதிலேயே கழிந்தது. 1634-இல் மோர்தாஞ் வட்டாரத்து வைத்தியர் ரோபேர் ஜிஃபார் கியூபெக் நகரத்துக்கு அருகே போபோர் என்ற இடத்தில் நிலவுரிமை பெற்று, சொந்த ஊர்க்காரர்களைத் திரட்டிக்கொண்டு போனார். அதைத் தொடர்ந்த முப்பது வருஷத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து கிளம்பியவர்கள் முந்நூறு பேர் அளவில்தான். பஞ்சத்துக்கு அஞ்சி ஓடிய கூட்டம் இல்லை. தச்சர், கொத்தர், உழவர் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள்; ஒருவரைப் பார்த்து ஒருவர், மாமனைப் பார்த்து மருமகன் என்று போயிருக்கிறார்கள். ஆள் சேர்த்தவர்களும் ஜூஷெரோ குடும்பம் மாதிரி உள்ளூர்க்காரர்கள். 1647 ஏப்ரலில் பியேர் த்ராம்ப்ளே ஒப்பந்தம் போட்டது நொயேல் ஜூஷெரோவிடம்.

அந்த ஒப்பந்தத்துக்கு மூன்று வருஷக் கெடு. இப்படிப் போனவர்களை அக்காலத்தில் 'முப்பத்தாறு மாசக்காரர்' என்றே அழைத்தார்கள். படித்ததும் கொஞ்ச நேரம் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. காரைக்காலிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் 19-ஆம் நூற்றாண்டில் ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மர்த்தினிக்குக்கும் போன நம் ஆட்களும் ஒப்பந்தத்தில் போனவர்கள்தான். முத்துசாமி என்று ஒரு மனிதர் தன் பெயரைச் சொல்லியிருப்பார். எழுத்தர் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதியிருப்பார். இன்று குவாதலூப்பில் முத்துசாமி என்பது தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர். இரண்டு ஒப்பந்தமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். பியேர் கெடு முடிந்ததும் நிலம் வாங்கி உழவரானார். நம் ஆட்களுக்குக் கரும்புத் தோட்டம்தான் வாய்த்தது. ஆனாலும் ஊரைவிட்டுப் போகிறவனின் கை ஒரு தாளில் பதிகிற அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மாலையில் சேன் தொபேன் கோயிலுக்குப் போனேன். அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்காகவே இங்கே வரலாம். ஒன்றில் 1647-இல் ஜூலியேன் மெர்சியே ஊரைவிட்டுப் புறப்படும் காட்சி. பியேர் போன அதே வருஷம். இன்னொன்றில் அவருடைய வம்சத்தில் வந்த ஒனோரே மெர்சியே, கியூபெக்கின் முதலமைச்சராக 1891-இல் இதே கோயிலுக்குத் திரும்பி வந்த காட்சி. போன ஜன்னலும் வந்த ஜன்னலும். இரண்டுக்கும் இடையில் 244 வருஷம். சாயங்கால வெயில் நீலமும் சிவப்புமாகத் தரையில் விழுந்து, சாமியாரம்மா ஒருவர் கூட்டிப் பெருக்கும்போது அவர் கால்மேல் ஏறி இறங்கியது.

செப்டம்பர் 23, ரான்தொனே

பியேரின் ஊர். 2016 முதல் தூரூவ்ரோடு சேர்த்து ஒரே ஊராட்சியாக்கிவிட்டார்கள். த்ராம்ப்ளே குடும்பத்தின் பூர்வீக வீடு என்று இங்குள்ளவர்கள் காட்டும் பண்ணை லா ஃபிலொன்யேர். சாலையில் நின்றபடியேதான் பார்த்தேன். இன்னொருவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க மனம் வரவில்லை. அப்பா பிலிபேர், அம்மா ஜான் குவாஞே. பியேர் பிறந்தது 1626 வாக்கில்.

நான் பார்க்க வந்தது வீட்டைவிட மரத்தைத்தான். 'த்ராம்ப்ல்' என்றால் ஒரு வகைக் காட்டரசு. 'நடுங்குவது' என்று பொருள். அந்த மரங்கள் கூட்டமாக நிற்கும் இடம் த்ராம்ப்ளே. நம் ஆலங்குடி, புளியந்தோப்பு மாதிரி ஓர் இடப்பெயர், அவ்வளவுதான். பிரான்ஸில் இந்தப் பெயரில் ஊர்கள் பல உண்டு. பாரிஸில் நான் இறங்கிய ஷார்ல் து கோல் விமான நிலையத்தின் ஒரு பகுதியே த்ராம்ப்ளே-ஆன்-பிரான்ஸ் என்ற ஊரின் மண்ணில்தான் நிற்கிறது. தோப்புக்குப் பக்கத்தில் குடியிருந்தவன் பக்கத்து ஊருக்குப் போனால் 'தோப்புக்காரன்'. அவன் மகனும் தோப்புக்காரன். தோப்பை வெட்டி உழுத பிறகும் பேரன் தோப்புக்காரன்தான்.

நீரோடை ஓரமாக அந்த மரங்கள் நின்றன. காற்றே இல்லை. ஓக் மரம் அசையவில்லை, வேலிச்செடி அசையவில்லை, இந்த மரம் மட்டும் உடம்பெல்லாம் சலசலத்துக்கொண்டிருந்தது. ஓர் இலையைப் பறித்துக் காம்பை விரலில் உருட்டிப் பார்த்தேன், உருளவில்லை. மற்ற இலைக்காம்பு போல உருண்டையாக இல்லாமல் நாடா போலத் தட்டையாக, இலைக்குக் குறுக்கே நிற்கிறது. அதனால்தான் மூச்சுவிட்டால்கூட இலை ஆடுகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் மத்தியானம் படுத்துக் கிடந்த நாட்களில் கேட்ட அதே சத்தம். குடும்பமே வேறான இரண்டு மரங்கள், அரசும் இதுவும். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கியூபெக்கில் பனிச்சறுக்குக்குப் பேர்போன மோன் த்ராம்ப்லான் மலைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அல்கோன்கின் பூர்வகுடி மக்கள் 'நடுங்கும் மலை' என்று சொன்னதன் பிரெஞ்சு வடிவம். பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 2, கியூபெக் நகரம்

கடலைத் தாண்டியாகிவிட்டது. பியேருக்கு வாரக்கணக்கில் ஆன வழி, எனக்கு ஏழரை மணி நேரம்.

இன்றைய தேதியைப் பார்த்துத்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். 1657 அக்டோபர் 2-ஆம் தேதி, இந்த நகரத்தில், பியேர் த்ராம்ப்ளேக்கும் ஓசான் அஷோனுக்கும் கல்யாணம். லவால் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் பங்குக் கோயில் பதிவேடுகளைத் திரையில் பார்க்கலாம். கியூபெக்கின் மிகப் பெரிய சொத்து எது என்று என்னைக் கேட்டால் இந்தப் பதிவேடுகளைத்தான் சொல்வேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று பங்குச்சாமியார்கள் விடாமல் எழுதினார்கள். 1640-இல் கோயில் தீப்பிடித்து ஏடுகள் எரிந்தபோது, நினைவில் இருந்ததைச் சொல்லச் சொல்லித் திரும்ப எழுதி வைத்தார்கள். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இன்று ஒருவருக்கும் பத்துத் தலைமுறை சொல்ல வராது.

காப்பகத்துப் பெண் பக்கத்தைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு வெள்ளைப் படம். இறகுப் பேனா எழுத்து. மை ஊறிய இடங்களில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. முதல் பார்வையில் ஓர் எழுத்தும் புரியவில்லை. விரலைத் திரைமேல் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினேன். பியேரின் பெயர் முதலில் அகப்பட்டது. பிறகு 'ஓசான்'. நெஞ்சு படபடத்தது. போட்டோ எடுக்க அனுமதி கேட்டு எடுத்தேன். மதாமுக்கு அப்போதே அனுப்பவில்லை. கையில்தான் கொடுக்க வேண்டும்.

ஓசான் பெர்ஷ்காரி இல்லை. லா ரொஷேல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஷாம்போன் என்ற ஊர். 1663 முதல் ராஜா செலவில், சீர்ப்பணத்தோடு வந்த 'ராஜாவின் பெண்கள்' பற்றி எல்லாரும் பேசுவார்கள். அதற்கு முன்னால், ராஜாவின் செலவும் சீரும் இல்லாமல், கல்யாணத்துக்கென்று வந்த பெண்களில் ஒருவர் ஓசான். வயது இருபத்து நாலு வாக்கில். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றார். கல்யாணமாகி வம்சம் வளர்த்த ஆண் பிள்ளைகள் நால்வர்: பியேர், மிஷேல், ஜாக், லூயி. இன்றைக்கு இருக்கும் ஒவ்வொரு த்ராம்ப்ளேயும் இந்த நாலில் ஒரு கிளை. அஷோன் என்ற பெயர் அவர் வழியாக ஒரு பிள்ளைக்கும் போகவில்லை. பெண் பிள்ளைகளின் வம்சமும் உண்டு. அவர்கள் எல்லாம் வேறு பெயர்களுக்குள் போய்விட்டார்கள்.

அக்டோபர் 3, லாஞ்ஷ் கார்தியேன்

ஊர்ப் பெயரைத் தமிழில் சொன்னால் 'காவல் சம்மனசு'. அம்மா படுக்கும்போது சொல்லச் சொன்ன ஜெபம் அது. ஊர்ப்பலகையில் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. பியேரும் ஓசானும் குடித்தனம் நடத்தியது இங்கேதான். ஓசானை அடக்கம் செய்ததும் இங்கேதான், 1707-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். பியேர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவெனியூ ருவாயால் என்ற பழைய சாலை மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. ஓரத்தில் மேட்டைக் குடைந்து கல்லால் கட்டிய காய்கறி நிலவறைகள். கதவு மட்டும் வெளியே தெரியும். எதிரே சேன் லோரான் ஆறு, ஆற்றுக்கு நடுவே ஓர்லெயான் தீவு. நிலம் இங்கே நாடா நாடாவாகப் பிரிந்து கிடக்கிறது. ஆற்றுமுகத்தில் அகலம் குறைவு, காட்டுக்குள் நீளம் அதிகம். எல்லாருக்கும் தண்ணீர்த் துறை வேண்டும், அக்கம்பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று இப்படி அளந்திருக்கிறார்கள். அந்த நாடாவை நாலு மகன்களுக்கு நீளவாக்கில் கிழித்தால் ஒவ்வொருவருக்கும் என்ன மிஞ்சும்? வடகிழக்கே அவர்கள் நகர்ந்த காரணம் இந்தச் சாலையில் நடந்தாலே விளங்குகிறது.

1759 கோடையில் ஆங்கிலேயப் படை இந்தக் கரையோரப் பண்ணைகளைக் கொளுத்தியது. மக்கள் காட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். பிரான்ஸின் ஆட்சி இங்கே அதோடு முடிந்தது. புதிதாக பிரெஞ்சுக்காரர் வருவது அனேகமாக நின்றே போனது. ஒன்றரை நூற்றாண்டில் வந்து நிலைத்துத் தங்கியவர்கள் பத்தாயிரம் பேர் அளவில்தான். இன்றைய கியூபெக் பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் பத்தாயிரத்திலிருந்து பெருகியவர்கள். நிறையப் பேர் வந்ததால் அல்ல, வந்த கொஞ்சம் பேருக்கு நிறையப் பிள்ளைகள் பிறந்ததால் பெருகிய பெயர் த்ராம்ப்ளே.

அக்டோபர் 4, பே சேன் போல்

சின்னப்பர் விரிகுடா. ஓவியக் கடைகள் நிறைந்த ஊராகிவிட்டது, நெரிசல். 1670-களில் கப்பலுக்குப் பூசும் கீல் காய்ச்ச இங்கே பைன் காட்டுக்குள் ஆட்களை அனுப்பினார்கள். கியூபெக் குருமடத்தின் நிலம். அவர்கள் குடியேற்றியவர்களோடு த்ராம்ப்ளே மகன்களும் வந்தார்கள். இன்று இவ்வளவுதான். கால் வலிக்கிறது.

அக்டோபர் 5, லெ செபூல்மான்

'மண்சரிவுகள்' என்பதுதான் ஊரின் பெயர். 1663 பிப்ரவரி 5-ஆம் தேதி வந்த பெரிய நிலநடுக்கத்தில் மலையே சரிந்து ஆற்றில் விழுந்ததால் வந்த பெயர். இந்த ஷார்ல்வுவா பகுதி முழுவதும், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் விழுந்து உண்டான, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு பள்ளம். அதன் ஓரத்தில் ஆற்றங்கரைச் சமவெளி கொஞ்சம் கிடைத்ததால்தான் இங்கே ஊர்களே உண்டாயின.

மூத்த மகன் பியேர் 1710-இல் இந்த நிலப்பகுதிக்கே பண்ணையாராகிவிட்டார். முப்பத்தாறு மாசக்காரராக வந்தவரின் மகன் பண்ணையார்! அடுத்த நூறு வருஷம் இந்த நிலவுரிமை த்ராம்ப்ளே கையில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மாவு ஆலை அருவிப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. குடிகள் தங்கள் கோதுமையை இங்கேதான் அரைக்க வேண்டும், அரைப்பதில் ஒரு பங்கு பண்ணைக்கு.

பிற்பகலில் சேன் ஜோசெஃப் து லா ரீவ் துறையில் படகேறி எதிர்த்தீவுக்குப் போனேன். படகுக்குக் கட்டணம் கிடையாது. 1535-இல் பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே இறங்கியபோது கரையில் நின்ற 'கூத்ர்' மரங்களைப் பார்த்து 'ஈல் ஓ கூத்ர்' என்று பெயர் வைத்தார். ஒரு மரத்தின் பெயரைச் சுமந்துவந்த குடும்பம், இன்னொரு மரத்தின் பெயர்கொண்ட தீவுக்கு எதிரே குடியேறியிருக்கிறது. தீவில் சாப்பாட்டுக் கடையில் இருந்த ஆறு பேரில் மூன்று பேர் த்ராம்ப்ளே. என் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தன் பாட்டி, தாத்தா இருவருமே பிறப்பால் த்ராம்ப்ளே என்றார்.

இங்கே அது சாதாரணம். பழைய கல்யாணப் பதிவுகளில் 'மூன்றாம் நான்காம் முறை உறவுக்கு விலக்கு' என்ற வரி திரும்பத் திரும்ப வரும். ரத்த உறவில் கல்யாணம் செய்ய ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பார்த்தே கட்டிக்கொடுக்கும் ஊரில் பிறந்த எனக்கு, எங்கள் பாட்டி வீட்டுக் கல்யாணங்களுக்கும் சாமியார் இதே அனுமதி வாங்கித் தந்தது ஞாபகம் வந்தது. பெரியவருக்கு அதைச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் ஊரும் தீவா?" என்று கேட்டார்.

அக்டோபர் 6, லா மால்பே

நாள் முழுக்க மழை. அறையிலேயே இருந்தேன். சூப்பில் 'கூர்கான்' என்ற கொட்டை. நம் மொச்சையை நினைவுபடுத்தும் ருசி. பரிமாறிய பையனின் பெயர்ப் பட்டையில் மெக்நிக்கோல் என்றிருந்தது. ஒரு வார்த்தை ஆங்கிலம் வராது. 1760-களில் இங்கே நிலம் பெற்ற ஸ்காட்லாந்துப் படை அதிகாரிகளின் காலத்தையொட்டி வந்த பெயர்கள் இந்தப் பக்கம் நிறைய: மெக்நிக்கோல், பிளாக்பேர்ன். உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு இரண்டு தலைமுறையில் பிரெஞ்சுக்காரர்களாகிவிட்டார்கள். அப்பா பெயரைக் கொடுத்தார், அம்மா மொழியைக் கொடுத்தார்.

அக்டோபர் 7, லா பே

170-ஆம் சாலை. சேன் சிமெயோனில் திரும்பியதும் ஆறு கண்ணைவிட்டு மறைந்து காடு சூழ்ந்துகொள்கிறது. மழை கழுவிய காட்டில் காட்டரசு மரங்கள் மஞ்சளாகிவிட்டன. ஐரோப்பிய மரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை இது. இங்கும் அதன் பெயர் 'த்ராம்ப்ல்'தான். வந்தவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டிருப்பார்கள். பலமுறை வண்டியை நிறுத்தினேன்.

19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஷார்ல்வுவாவில் நிலம் நிரம்பி வழிந்தது. சாக்னே ஆற்றுப் பக்கமோ ராஜாவின் தோல் வியாபார நிலமென்று குத்தகையில் அடைத்து வைக்கப்பட்டிருந்தது, குடியேறத் தடை. 1837-இல் லா மால்பேயில் இருபத்தொரு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். பெயர் 'இருபத்தொருவர் சங்கம்'. வெளியே சொன்ன நோக்கம் பைன் மரம் வெட்டுவது. பணம் மர வியாபாரி வில்லியம் பிரைஸுடையது. 1838 ஜூன் 11-ஆம் தேதி பாய்மரப் படகில் இந்த விரிகுடாவில் இறங்கியவர்கள், மரமும் வெட்டினார்கள், வீடும் கட்டினார்கள், உழவும் செய்தார்கள். அதன்பின் சட்டமே அவர்களைத் தொடர்ந்து வர வேண்டியதாயிற்று. இன்னு என்ற பூர்வகுடி மக்கள் காலங்காலமாக வேட்டையாடிய மண் அது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அவர்களைக் கேட்டு இறங்கியவர்கள் இல்லை இவர்கள்.

சங்கத்தின் தலைவர் அலெக்சி த்ராம்ப்ளே. 'பிக்கோத்தே' என்பது பட்டப்பெயர், அதாவது அம்மைத் தழும்புக்காரர். ஊரே த்ராம்ப்ளே என்றால் பட்டப்பெயர் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது? கியூபெக் கிராமங்களில் அப்பா, தாத்தா பெயரை அடுக்கியும் ஆளை அடையாளம் சொல்வார்கள்: லூயியின் ஜோசெஃபின் பியேர் என்று. பெயர் பெருகிப் பெருகிக் கடைசியில் நம் இனிஷியல் முறைக்கே வந்து நிற்கிறது.

ராத்திரி தங்கும் வீட்டில் தூர்த்தியேர். மற்ற ஊர்களில் அது கொத்துக்கறி வைத்துச் சுட்ட தட்டையான மாவுப் பண்டம். சாக்னேயில் துண்டு துண்டாக வெட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு, ஆழமான சட்டியில் மாவால் மூடி, மணிக்கணக்கில் அடுப்பில் விடுகிறார்கள். மூடியைக் கத்தியால் கீறியதும் கூடமெல்லாம் ஆவி.

அக்டோபர் 8, ஷிகூதிமி

மழை ஓய்ந்த நகரம். 1996 ஜூலை வெள்ளத்தில் சுற்றிலும் எல்லாம் அடித்துப் போக, தனியாக நின்ற சின்ன வெள்ளை வீட்டைப் பார்த்தேன். அப்புறம் பல்கலைக்கழகம். 1970-களில் வரலாற்றாசிரியர் ஜெரார் புஷார் இங்கே தொடங்கிய 'பல்சாக்' என்ற தரவுத்தளத்தில், பங்குப் பதிவேடுகளின் பிறப்பு, கல்யாணம், இறப்புகளை ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான மனிதர்கள், ஒரே குடும்ப மரத்தில்.

அது பெருமை பேசுவதற்கான மரம் மட்டும் அல்ல. கொஞ்சம் பேரிலிருந்து பெருகிய மக்களில், முதல் வந்த ஒருவரிடம் இருந்த பழுதான மரபணுவும் சேர்ந்தே பெருகும். ஷார்ல்வுவா-சாக்னே தசையிறுக்கத் தள்ளாட்டம் என்று இந்த ஊர்ப் பெயரையே தாங்கிய நோய் ஒன்று உண்டு. டைரோசினேமியா இன்னொன்று; கைக்குழந்தையின் ஈரலைத் தாக்கும். இந்த இரண்டில் எதை எடுத்தாலும், ஏறக்குறைய இருபது பேருக்கு ஒருவர் தனக்கு நோய் இல்லாமலே அதன் மரபணுவைச் சுமக்கிறார். இப்பகுதியில் வேர் உள்ளவர்கள் பிள்ளை பெறுவதற்கு முன் நாலு பரம்பரை நோய்களுக்குப் பரிசோதனை செய்துகொள்ள அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. தங்கும் வீட்டுக்காரப் பெண், தானும் கணவரும் அதைச் செய்துகொண்ட நாளைப் பற்றிச் சொன்னாள். முடிவு வரும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மதாமின் தம்பி ஒருவன் குழந்தையிலேயே இறந்தான் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். காரணம் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை.

பெயர் இங்கேயும் நிற்கவில்லை. 1840-இலிருந்து 1930 வரை ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலும் லோவெல், மான்செஸ்டர் போன்ற வடகிழக்கு அமெரிக்க ஊர்களின் பஞ்சாலைகளுக்கு. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதில் த்ராம்ப்ளே, டிராம்ப்ளி ஆனது, டிரெம்ப்ளி ஆனது. லெப்லான் ஒயிட் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார். தோப்பிலிருந்து கிளம்பிய பெயருக்குத் தோப்பு மறந்துபோனது.

அக்டோபர் 10, மொன்றியல்

மாலையில் மதாம் வீட்டுக்குப் போனேன். பதிவேட்டுப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்து, நான் காட்டிய வரியில் நகத்தை வைத்தார். உதடு அசைந்தது. "ஓசான் அஷோன்" என்று சத்தமாகப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

கியூபெக்கில் 1981 முதல் கல்யாணமானாலும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் சட்டப்படிப் பெயர். பிள்ளைக்கு அம்மா பெயரையும் வைக்கலாம். "எனக்கு அது பிந்தி வந்தது" என்றார். பிறகு அச்செடுத்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் அம்மாவின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே அம்மாவின் அம்மா. அதற்குக் கீழே அவருடைய அம்மா. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு குடும்பப் பெயர்: சிமார், புஷார், பெரோன், மறுபடியும் த்ராம்ப்ளே. ஐந்தாவதில் பேனா நின்றது.

"இப்போது நீ எழுது" என்று பேனாவை என்னிடம் கொடுத்தார்.

அம்மா பெயரை எழுதினேன். ஆயா பெயரை எழுதினேன். ஆயாவின் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் புடவை, காதில் தண்டட்டி, பாக்கு இடிக்கும் சத்தம். வீட்டில் எல்லாரும் அவரைக் 'காரைக்கால் ஆயா' என்று ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டோம். அதையே எழுதினேன். மதாம் அது என்ன பெயர் என்று கேட்டார். ஊர்ப் பெயர் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த வரிக்காகத் தாளை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.